நெஞ்சு படபடக்கும்போதே வேலை தேடுவது எப்படி?

காலை பதினொன்றரை மணி. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கட்டிலில் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து தலையணை ஓரம்வரை நகர்கிறது. எடுக்கவில்லை. மணி நின்றதும்தான் மூச்சு வருகிறது. அடுத்த நிமிடமே, "ஐயோ, கம்பெனிக்காரங்களா இருந்தா?" என்று வயிற்றைப் பிசைகிறது. திருப்பிக் கூப்பிடவும் கை வரவில்லை.

2016-இல் மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் வீட்டோடு இருந்த 14 மாதங்களில் இப்படி எத்தனை அழைப்புகளை விட்டேன் என்று எனக்குக் கணக்கே இல்லை. இன்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆளெடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இப்போது அந்தத் தெரியாத எண் என்னுடையது. எடுக்காதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று என்னால் நினைக்க முடிவதில்லை. ஒருமுறை விட்டால், மதியம் இன்னொருமுறை அடித்துப் பார்ப்பேன்.

படிப்பை முடித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதற்றம் அடங்கட்டும், பிறகு தேடலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். எனக்கு அது அடங்கவே இல்லை. தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கூடிக்கொண்டுதான் போனது. படபடப்போடு இருக்கும்போதும் செய்து முடிக்கிற அளவுக்கு வேலையைச் சின்னதாக நறுக்கிக்கொள்ள வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அப்படி நறுக்குகிற வழிகள்தான்.

உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் உடம்பு ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. செரிமானம் பின்னுக்குப் போவதால் வயிறு கலங்குகிறது. எதிரே வருவது நாயா, நேர்முகத் தேர்வா என்று உடம்புக்குத் தெரியாது. இரண்டுக்கும் அது ஒரே மாதிரிதான் தயாராகும். கை நடுங்குவதை வைத்து "எனக்குத் தகுதி இல்லை போல" என்று முடிவுகட்டுவதில் நியாயமே இல்லை.

பயந்த இடத்திலிருந்து விலகினால் உடனே நிம்மதி கிடைக்கும். போன் மணி நின்றதும் வந்த மூச்சு அதுதான். அந்த நிம்மதிதான் பொறி. 'விலகினால் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த அழைப்புக்கு இன்னும் அதிகமாகப் பயப்படுகிறது. எடுத்துப் பேசி, பாதி உளறி, அதன் பிறகும் ஒன்றும் ஆகவில்லை என்று நாலைந்து முறை பார்த்தால்தான் பயம் தேயும்.

அந்த நேரத்துக்கு ஒரு கைமருந்து: நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள், ஆறோ எட்டோ எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு குறையும். ஐந்து நிமிடம் போதும். பயம் முழுவதும் போய்விடாது. போனை எடுத்து "வணக்கம்" சொல்கிற அளவுக்குக் குறையும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

நான் மீண்டதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை கிடைப்பது நம் கையில் இல்லை. விண்ணப்பிப்பது, பேசுவது, கற்றுக்கொள்வது மூன்றும் நம் கையில் இருக்கின்றன. ஆனால் ராத்திரி படுக்கும்போது மனசு கேட்பது, "இன்னிக்கும் வேலை கிடைக்கலையே?" என்ற ஒன்றைத்தான். அந்தக் கேள்விக்கு வேலை கிடைக்கும் நாள்வரை பதில் 'இல்லை'தான். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். இன்று எத்தனை இடத்துக்கு அனுப்பினேன், எத்தனை பேரிடம் பேசினேன்? இதற்குத் தினமும் ஒரு பதில் இருக்கும்.

நோட்டில் ஐந்து கட்டம் வருகிற மாதிரி கோடு போடுங்கள். தேதி, நிறுவனம், என்ன வேலை, யார் மூலம் அல்லது எந்தத் தளத்தில் அனுப்பினேன், அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும். கைப்பேசியில் எக்ஸெல் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கைப்பேசியைத் திறந்தால் அடுத்த நிமிடம் லிங்க்ட்இனில் கூடப் படித்தவன் புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற படம் வரும். காகிதமே நல்லது.

ஒரு நாளைக்கு ஐந்து விண்ணப்பம் போதும். ஒவ்வொன்றிலும் அந்த வேலைக்கு ஏற்ற மாதிரி ரெஸ்யூமேயின் முதல் மூன்று வரிகளை மாற்றியிருக்க வேண்டும். ஒரே ரெஸ்யூமேயை ஐம்பது இடத்துக்குத் தட்டிவிடுவதைவிட இதற்குப் பலன் அதிகம். அனுப்பிப் பத்து நாள் ஆனதும் ஒருமுறை விசாரியுங்கள். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் அந்த வரியின் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பதில் வராததற்கு என்ன அர்த்தம் என்று மண்டையைக் குடைந்துகொள்வீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஓர் இடத்துக்கு இருநூறு முந்நூறு ரெஸ்யூமே வரும். முதல் நாற்பதைப் புரட்டும்போதே கூப்பிட ஆறேழு பேர் தேறிவிடுவார்கள். மீதியைத் திறக்கக்கூட நேரம் இருக்காது. சில நேரம் அந்த இடமே ரத்தாகிவிடும். சில நேரம் உள்ளேயே யாரையாவது மாற்றிப் போட்டுவிடுவார்கள். உங்களைப் பார்த்து வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், உங்கள் பெயரையே பார்த்திருக்க மாட்டார்கள். இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளம்பரம் வந்த அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள்.

நேரத்துக்கும் எல்லை வேண்டும். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை தேடல். பிற்பகல் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்வது. மாலை ஏழு மணிக்கு மேல் நௌக்ரியையோ லிங்க்ட்இனையோ திறக்கவே கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு விண்ணப்பித்தால் யாரும் பார்க்கப்போவதில்லை. தூக்கம் போவதுதான் மிச்சம். கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாம். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஐந்தே முக்கால்வரை உட்கார்ந்து, மனசில் ஓடுகிற பயம் எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் அது தலைகாட்டினால் "அஞ்சரைக்கு வா" என்று சொல்லிப் பாருங்கள். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். ஒரு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும்.

வீட்டோடு ஓர் ஒப்பந்தம்

அப்பா தினமும் சாப்பிடும்போது கேட்பார், "என்னப்பா, ஏதாவது சேதி உண்டா?" அக்கறையில்தான் கேட்கிறார். நமக்குச் சோறு இறங்காது. நான் ஆறு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தேன். "அப்பா, தினமும் கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே நோட்டோட வந்து உக்காந்து சொல்றேன்." அடுத்த ஞாயிறு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். "இத்தனை எடத்துக்கா போட்டிருக்க?" என்றார். அதுவரை நான் சும்மா படுத்துக்கிடப்பதாகத்தான் நினைத்திருக்கிறார். வீட்டுக்குள் இருந்த இறுக்கம் பாதி அன்றைக்கே தளர்ந்தது.

அந்த உட்காரலில் பணத்தையும் பேசிவிடுங்கள். வீடு எத்தனை மாதம் தாங்கும், கல்விக்கடன் தவணை எப்போது தொடங்கும், சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்த் தங்கித் தேடினால் மாதம் எவ்வளவு ஆகும்? தெரியாத தொகைதான் இருட்டில் பூதமாக நிற்கும். எழுதிப் பார்த்தால் அது ஓர் எண், அவ்வளவுதான். தேவைப்பட்டால் டியூஷன் எடுங்கள், கடையில் நில்லுங்கள், டெலிவரிக்குப் போங்கள். ஒரே நிபந்தனை, நேர்முகத் தேர்வுக்குப் போகக் காலை நேரம் கையில் இருக்க வேண்டும். இப்படி வேலை பார்த்தவர்களை ஆளெடுக்கும்போது நான் குறைத்து மதிப்பிட்டதில்லை. வேளை தவறாமல் வருகிறவர்கள் என்று நம்பித்தான் எடுத்திருக்கிறேன்.

கல்யாண வீட்டுக் கேள்விகளுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். "தேடிக்கிட்டிருக்கேன் அத்தை. மாமா கம்பெனிப் பக்கம் ஆள் எடுத்தா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, நம்பர் தரேன்." கேட்டவர்களையே உதவிக்கு இழுத்துவிடுகிற பதில் இது. என் முதல் வேலை இப்படி ஒரு சித்தப்பா சொன்ன தகவலில்தான் வந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரம் உண்டு. வேலை தேடும் மாதங்களிலேயே ஜாதகமும் வெளியே போகத் தொடங்கும். "வெளியூர்ல எங்க தங்குவ?" என்ற கேள்வியோடு பல பேருடைய தேடல் நின்றுபோகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் இருக்கின்றன. பேச்சு எடுப்பதற்கு முன்பே எந்த ஊரில் இருக்கிறது, வாடகை என்ன என்று விசாரித்து, அந்தத் தாளை அம்மாவிடம் காட்டுங்கள். அவர்களுடைய பயத்துக்கும் விவரம்தான் மருந்து.

எந்தப் பக்கம் போவது?

அரசுத் தேர்வா, தனியாரா, மேற்படிப்பா? மூன்றிலும் ஒரு கால் வைத்துக்கொண்டு இருப்பதுதான் இந்த வயதில் தூக்கத்தைக் கெடுப்பது. "வாழ்க்கை முழுக்க எது?" என்று கேட்டால் இருபத்திரண்டு வயதில் யாராலும் பதில் சொல்ல முடியாது. "அடுத்த இரண்டு வருஷம் எது?" என்று கேளுங்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு என்று தெரிந்தால் எடுப்பது எளிது.

டிஎன்பிஎஸ்சி எழுதுவதென்றால் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம், 200 கேள்விகள், அதில் 100 தமிழ், நேர்முகத் தேர்வு கிடையாது. தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைக்கு இது நியாயமான களம்தான். ஆனால் இத்தனை பேர் எழுதும் தேர்வில் தோற்றால் அது உங்கள் மதிப்பைப் பற்றிய தீர்ப்பே இல்லை. எத்தனை முறை எழுதுவீர்கள், எந்தத் தேதிவரை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு முறை என்று நான் சொல்வேன். தேதி இல்லாத முயற்சி எத்தனையோ பேரை முப்பது வயதுவரை படிப்பகத்தில் உட்கார வைத்திருக்கிறது.

பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. பதிவு செய்திருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். அவர்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் விசாரியுங்கள். அரசின் 'தனியார்துறை வேலை இணையம்' தளத்திலும் பதிந்துகொள்ளலாம். முகாம் என்றால் கூட்டத்தைப் பார்த்தே சிலருக்கு வயிறு கலங்கும். முதல்முறை போகும்போது இரண்டே மேசையில் பேசிவிட்டுத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பக்கம் எந்தத் துறை என்று குழப்பமா? அந்த வேலையில் இரண்டு வருஷம் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். கல்லூரி சீனியர் யாராவது இருப்பார். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நேற்று காலை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இதில் உங்களை அலுக்க வைப்பது எது? உங்களோடு சேர்ந்தவர்களில் விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள்? 'ஸ்கோப் எப்படி?' என்று கேட்டால் பொதுப்படையாக ஏதாவது சொல்வார். பதினொரு மணியைக் கேட்டால் உண்மை வரும். தரக்கட்டுப்பாட்டு வேலை என்றால் நாள் முழுக்கக் கணினிமுன் உட்காருவது என்று நினைத்திருந்தேன். ஒரு சீனியர், "பதினோரு மணிக்கு லைன்ல நின்னு வெர்னியரால முப்பதாவது பீஸை அளந்துகிட்டிருந்தேன்" என்றார். எனக்கு அது பிடிக்கும் என்று அந்த நிமிடம் தெரிந்தது.

தொட்டுப் பார்க்க இன்னொரு வழி அப்ரென்டிஸ் பயிற்சி. பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷம், மாதாந்தர உதவித்தொகையோடு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இப்படி எடுக்கின்றன. அங்கேயே வேலை நிரந்தரமாகும் என்று எண்ணிப் போகாதீர்கள். அனுபவமும், 'இந்த வருஷம் என்ன செய்தாய்?' என்ற கேள்விக்குப் பதிலும் கிடைக்கும்.

பதறியிருக்கும்போது பணம் கட்டாதீர்கள்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. எட்டு மாதம் வேலையில்லாமல் இருப்பவரின் பதற்றத்தை முகர்ந்து பார்த்தே வருகிறார்கள். "ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மூவாயிரம், லேப்டாப்புக்கு டெபாசிட் பத்தாயிரம், இன்னிக்கே கட்டலைன்னா சீட் போயிடும்." எனக்கும் ஒரு கன்சல்டன்சி இப்படி 8,000 ரூபாய் வாங்கிவிட்டு, இல்லாத கம்பெனிக்கு ஓர் ஆர்டர் கொடுத்தது. அம்மா சீட்டு எடுத்துத் தந்த பணம் அது.

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். அசல் சான்றிதழை எவரிடமும் விட்டுவராதீர்கள். காட்டலாம், நகல் தரலாம். "இன்னிக்கே" என்று யார் சொன்னாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகுதான் பதில். வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. முகவருக்கு வெளியுறவுத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். இணையத்தில் பணம் ஏமாந்துவிட்டால் அந்த மணி நேரமே 1930-க்கு அழையுங்கள்.

நேர்முகத் தேர்வு நாள்

முந்தைய நாளே வழியைப் பார்த்துவையுங்கள். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், கேட்டிலிருந்து எவ்வளவு தூரம். காலையில் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். காபி படபடப்பைக் கூட்டும் என்பதால் அன்றைக்கு மட்டும் பாதி தம்ளர்.

முதல் இரண்டு நிமிடம்தான் கண்டம். சுயஅறிமுகம் ஆறே வாக்கியம். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் மொட்டைமாடியில் நின்று வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்தால் ஒன்று விட்டுப்போனதும் எல்லாமே விட்டுப்போகும். ஆறு குறிப்புகளாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியைப் பற்றிக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள்: "மே மாதம் முடித்தேன். ஆறு மாதம் குரூப் 4-க்குப் படித்தேன். இப்போது தனியார் துறை என்று முடிவு செய்திருக்கிறேன். இடையில் ஆட்டோகேட் கற்றுக்கொண்டேன்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சென்ற வருஷம் ஒரு பெண் வந்தார். உட்கார்ந்ததும் மடியில் இருந்த பிளாஸ்டிக் ஃபைல் சடசடவென்று நடுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவரே, "சார், கொஞ்சம் டென்ஷனா இருக்கு, ஒரு நிமிஷம் குடுங்க" என்றார். ஃபைலை மேசைமேல் வைத்தார், தண்ணீர் குடித்தார், பிறகு பேசத் தொடங்கினார். ஒரு கேள்விக்கு, "இது எனக்குத் தெரியாது, ஆனா இதுக்குப் பக்கத்துல உள்ளதைப் படிச்சிருக்கேன், அதைச் சொல்லட்டுமா?" என்றார். நாங்கள் மூன்று பேருமே அவர் பெயருக்கு நேரே டிக் போட்டிருந்தோம். நடுக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும் பேருந்திலேயே கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதிவிடுங்கள். 'சொதப்பிவிட்டேன்' என்று எழுத வேண்டாம், கேள்விகள் மட்டும் போதும். அடுத்த தேர்வுக்கு உங்களிடம் உள்ள நல்ல பாடப்புத்தகம் அதுதான்.

இதற்கு மேலும் தாங்கவில்லையென்றால்

மேலே சொன்ன எதையும் தொடங்கவே முடியவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நெஞ்சு அடைத்து, செத்துவிடுவோமோ என்று சிலருக்கு வரும். பதற்றத்தால் வருவது பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம்போய் இறங்கிவிடும். என்றாலும் முதல்முறை வந்தால் இதயத்தில் ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொள்வதே சரி.

14416 என்ற எண் 'டெலி மானஸ்'. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். போனது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. நீங்களாக மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், காலைவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்புங்கள். அந்த ராத்திரியே 14416-க்கு அழையுங்கள்.

ஆர்டர் கைக்கு வந்த பிறகு

ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்ததும் எல்லோரும் தேடலை நிறுத்திவிடுவார்கள். சில நிறுவனங்கள் அதன் பிறகும் மாதக்கணக்கில் காக்க வைக்கும். அப்போது வருகிற பதற்றம் முதலில் வந்ததைவிடக் கொடியது, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதே. சேரும் தேதி எழுத்தில் வரும்வரை நாளைக்கு இரண்டு விண்ணப்பமாவது போட்டுக்கொண்டிருங்கள். எத்தனை வருஷ பாண்ட், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். புரியவில்லையென்றால் ஆளெடுக்கும் பிரிவுக்கு போன் செய்து கேளுங்கள், எங்களுக்கு அது தொந்தரவே கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்து முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும்வரை, நோட்டில் அந்த நிறுவனத்தின் வரியை முடித்துக் கோடு போடாதீர்கள்.